குழந்தை எண் ஒன்று

அங்கன்வாடி ஆயாவின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது.

தடுப்பூசிக்காக வந்திருந்தவை பதினோரு குழந்தைகள். பத்து குழந்தைகள் வீறிட்டன. பதினோராவது, சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் அதைக் காட்டிக் கேட்டேன்.

"யார் குழந்தை இது?"

"என்னுதுதான் அக்கா." இருபது வயதுப் பெண் எழுந்து வந்தாள். ஒரு இடுப்பில் சிரித்தவன். மறு இடுப்பில் அச்சு அசலாக அதே முகம், ஆனால் அழுகை. "என்னை அடையாளம் தெரியலையா? போன் மேல போன் போட்டு உயிரை வாங்கினீங்களே. ஹுலிகெம்மா. இரட்டைப் பிள்ளை!"

தெரிந்தது. அந்தப் பெயரை மறக்க முடியுமா?

மாவட்ட மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதில் சின்னக் குழாயை வைத்துச் சோதிப்பார்கள். தேறாத குழந்தைகளின் பட்டியல் என் மேஜைக்கு வரும். அந்தக் குடும்பங்களைத் துரத்திப் பிடித்து மறுசோதனைக்கு வரவைப்பதுதான் என் வேலை. பாதிப் பேர் வரமாட்டார்கள். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியவில்லை என்பார்கள், நெல் அறுப்பு என்பார்கள், போனை எடுக்கவே மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் இந்த அங்கன்வாடிக்கும் வந்திருந்தேன். ஹுலிகெம்மா ஏழாவது போனுக்கு மசிந்தாள். குழந்தை தேறிவிட்டது. கோப்பில் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் மிர்ச்சி பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் குழந்தையா இது?

சிரித்தவனின் முதுகுப்பக்கம் போனேன். காதருகே பலமாகக் கைதட்டினேன். அவன் திரும்பவில்லை. அழுதவன்தான் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான்.

"இவன் பேரென்ன?"

"சரணப்பா. சின்னவன். ரொம்ப சாது அக்கா. மிக்சி போட்டாலும் தூங்குவான். பெரியவன் அமரேசன்தான் ஊரைக் கூட்டுவான்."

"மறுசோதனைக்கு யாரைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"நீங்க சொன்ன பிள்ளையைத்தான். முதல் குழந்தையைக் கூட்டிட்டு வான்னீங்க. அமரேசனைத் தூக்கிட்டு வந்தோம்."

"ஹுலிகெம்மா, ஆபரேஷன்ல முதல்ல வெளிய எடுத்தது யாரை?"

"இவனை." சரணப்பாவின் தலையைத் தடவினாள்.

"அப்ப இவன்தானே முதல் குழந்தை?"

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். அவள் மாமியார் நிங்கவ்வா, வாய் நிறைய வெற்றிலையோடு.

"ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? பஸ்ல முதல்ல ஏறினவன் உள்ளாற போய் உக்காந்துக்குவான். கடைசியாத்தானே இறங்குவான்? உள்ள முதல்ல போனவன் பின்னாடி வருவான். பின்னாடி வந்தவன்தான் மூத்தவன். இதுகூடத் தெரியாம அரசாங்கத்துல சம்பளம் குடுக்கறாங்களா?"

அங்கிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத் தெரியாததா இது? பக்கத்துத் தாலுகாவில் பிறந்தவள் நான். என் சித்தியின் இரட்டையரில் பத்து நிமிடம் பின்னால் பிறந்தவளைத்தான் இன்றுவரை பெரியக்கா என்று கூப்பிடுகிறேன்.

மருத்துவமனைக் கணக்கில் முதலில் வெளியே வந்தவன் எண் ஒன்று. காது தேறாதவன் அவன். நான் போனில் அந்த எண்ணைத்தான் படித்தேன். ஹுலிகெம்மா அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டாள். "ரெண்டு பஸ் மாறணும் அக்கா, ரெண்டு பேரையும் தூக்கிட்டு வரணுமா?" நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"வேண்டாம். முதல் குழந்தை மட்டும் போதும்."

தேறிய குழந்தையையே மறுபடி சோதித்து, தேறியது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆறு மாதத்துக்குள் காதில் கருவி ஏறியிருக்க வேண்டியவன் ஒன்பது மாதமாகச் சத்தமில்லாத உலகத்தில் கிடக்கிறான்.

"நாளைக்கே இவனைத் தூக்கிட்டு வாங்க" என்றேன்.

"எதுக்கு?" நிங்கவ்வாவின் சிரிப்பு நின்றது.

"காது சோதனைக்கு."

அவள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதத்தோடு திரும்பினாள். 'தேறியது.' சிவப்பு முத்திரை. கீழே என் கையெழுத்து.

"இது யாரு போட்டது?"

"நான்தான்."

"அன்னிக்கு நல்லாருக்குன்னு எழுதினே. இன்னிக்கு என் பேரனைச் செவிடுங்கறே. நாளைக்கு என்ன சொல்வே, குருடுன்னா? வாடி ஹுலிகி, வீட்டுக்கு. இவங்களுக்குப் பொழுது போகலே."

ஹுலிகெம்மா இரண்டு பிள்ளைகளையும் இடுக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

ஒரு வழி இருந்தது. சோதனைக் கருவியில் கோளாறு, எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று சொல்லலாம். என் வேலை தப்பும். ஆனால் நிங்கவ்வா மசியமாட்டாள். கோளாறுள்ள கருவியிடம் யார் மறுபடி போவார்கள்? பையன் இன்னும் ஒரு வருடம் சாதுவாகவே இருப்பான்.

"அத்தை, நில்லுங்க" என்றேன். "கருவி பொய் சொல்லலே. தப்பு பண்ணினது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். எண் ஒன்று, எண் இரண்டு, பஸ், போன், 'மட்டும் போதும்'. அங்கன்வாடியில் சிரிப்பு இல்லை. நிங்கவ்வா வெற்றிலையைத் துப்பினாள். அது என் காலடியில் விழுந்தது வேண்டுமென்றா, தற்செயலா என்று தெரியவில்லை.

ஹுலிகெம்மா மட்டும் ஒன்று செய்தாள். அமரேசனை மாமியாரிடம் கொடுத்தாள். சரணப்பாவின் பின்னால் நின்று, "சரணா" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை அது அழைப்பாக இல்லை, அலறலாக இருந்தது.

பல்லி மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் அவன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, மூளைவரை சத்தம் போகிறதா என்று பார்த்தார்கள். ஒரு மணி நேரம். திரையில் கோடுகள் தட்டையாகவே ஓடின.

இரண்டு காதும். முழுமையாக.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதலில் காதுக்குக் கருவி. அது போதாவிட்டால் அறுவை சிகிச்சை. வாரம் இரண்டு நாள் பயிற்சி, வருடக்கணக்கில். பேச்சு வரலாம். எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது.

ஹுலிகெம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என் அறைக்குள் நுழைந்து, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தை மடியில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே இவனைத் தூக்கிட்டு வந்திருந்தா?"

பொய் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடியே கருவி போட்டிருப்போம். நல்லாப் பேச நிறைய வாய்ப்பு இருந்திருக்கும்."

"இப்போ?"

"குறைஞ்சு போச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தண்ணீராவது கொடுக்க முடிந்திருக்கும். என் மேஜையிலிருந்த பச்சை அட்டைப் பதிவேட்டைப் பார்த்தாள்.

"இரட்டைப் பிள்ளைங்க வேற யாராவது இதுல இருக்காங்களா?"

புரட்டினேன். இருந்தார்கள். நான்கு குடும்பங்கள். மூன்றில் 'எண் ஒன்று, தேறியது, முடிந்தது'. கீழே என் கையெழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அழகில்.

"கேக்கறேன். இன்னிக்குள்ள எல்லாருக்கும் போன் பண்ணிடறேன் ஹுலிகெம்மா."

"இன்னிக்குள்ள இல்லே. இப்போ. என் முன்னாடி."

முதல் எண்ணை அழுத்தினேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். போட்டேன்.

ஒரு பெண்குரல், உற்சாகமாக. பின்னால் ஆடுகளின் சத்தம், ஏதோ குழந்தையின் சிரிப்பு.

"காது ஆஸ்பத்திரி அக்காவா? நல்லாருக்கீங்களா? பிள்ளைங்க நல்லாருக்காங்க. வயசு ஒண்ணேகால் ஆச்சு!"

"மறுசோதனைக்கு வந்தீங்களே, ரெண்டு பொண்ணுல எந்தப் பொண்ணைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"மூத்தவளைத்தான். ஏன் அக்கா?"

"பிரசவத்துல முதல்ல வெளிய வந்தவளையா, பின்னாடி வந்தவளையா?"

அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்பு.

"இதென்ன கேள்வி? பின்னாடி வந்தவதானே மூத்தவ!"

நாளைக்கே இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். ஏன், ஏன் என்று கேட்டாள். அவளுடைய உற்சாகம் ஒவ்வொரு 'ஏனுக்கும்' கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் சொல்லி முடித்தபோது ஆடுகள் மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தன.

போனை வைத்தேன்.

"அடுத்தது" என்றாள் ஹுலிகெம்மா.