விற்றுவிட்டதாகச் சொன்ன கம்ப்யூட்டர்

அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆபீஸில் எல்லோரும் அவரை 'சர்வர் சாமி' என்றுதான் சொல்வார்கள். மேஜைக்கு மேஜை இருந்த டெஸ்க்டாப்களைத் தூக்கிவிட்டு, கையடக்கமான சின்னப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தவர் அவர். தின் கிளையன்ட் என்று அதற்குப் பெயர். வேலையெல்லாம் உள்ளறையில் இருக்கும் சர்வரில் நடக்கும். மேஜையில் படம் மட்டும் தெரியும். வைரஸ் தொல்லை இல்லை, கரண்ட் மிச்சம், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறதென்று ஓடவும் வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல மேனேஜரின் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

கணக்குப் பிரிவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. பெட்டி வரையும் பிரிவுக்குத்தான் ஒத்துவரவில்லை. அங்கே இருந்தவள் அவருடைய மச்சினி, மனைவியின் கூடப்பிறந்த தங்கை. அட்டை எங்கே மடிய வேண்டும், எங்கே வெட்டுப்பட வேண்டும் என்று திரையில் வரைவது அவள் வேலை. மவுஸை இழுத்தால், கோடு ஆற அமரப் பின்னால் வந்தது.

"சார், எனக்கு மட்டும் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் திருப்பிக் குடுங்க. கோடு எங்க நிக்குதுன்னே தெரியல" என்று மீட்டிங்கில் கேட்டாள்.

"சொந்தக்காரிங்கிறதுக்காக உனக்கு ஒரு சட்டம் போட முடியாதும்மா. பழகினா எல்லாம் சரியாயிடும். உன் கம்ப்யூட்டரை எப்பவோ வித்தாச்சு."

நாலு பேர் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உறவென்றும் பார்க்காமல் பேசினாரே என்று மேனேஜர் மெச்சியதில் அவருக்கு அன்று தலைகால் புரியவில்லை.

விற்றதென்னவோ மற்றவர்களுடையதைத்தான். அவளுடையது, படம் வரைவதற்கென்றே வாங்கிய வேகமான மெஷின். பரிசோதனைக்கு ஒன்று இருக்கட்டும் என்று தன் அறையில், அலமாரி மறைவில் வைத்தார். பரிசோதனை சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனால் அந்த வேகம் கைக்குப் பழகிப்போனது. வருகிறவர் போகிறவர் பார்க்கத் தன் மேஜையில் ஒரு தின் கிளையன்டை வைத்துவிட்டு, இவர் அந்த மூலையிலேயே குடியிருந்தார்.

ஒரு நாள் முற்பகலில் சர்வர் படுத்துவிட்டது. ஆபீஸ் முழுக்கத் திரைகள் அப்படியே உறைந்து நின்றன. சர்வீஸ்காரர்கள் சாமானோடு மதியம் வருவதாகச் சொன்னார்கள். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, இன்னொரு கிளைக்குக் காட்ட வேண்டிய ஸ்லைடுகளை மூலையில் உட்கார்ந்து தயார் செய்தார். தலைப்பு: 'எல்லோருக்கும் ஒரே பெட்டி'.

கதவைத் திறந்துகொண்டு மச்சினி வந்தாள். கையில் பென் டிரைவ். பின்னால் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர்.

"சார், இவங்க பெட்டி அளவெல்லாம் இதுல இருக்கு. இன்னிக்கே வரைஞ்சு குடுக்கணுமாம். சர்வர் எப்ப..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அலமாரி ஓரமாக அந்த மெஷின் தெரிந்தது. அச்சில் கழித்துப்போட்ட லேபிள் ஒன்றை அவள்தான் எப்போதோ அதன் மேல் ஒட்டியிருந்தாள். அதைச் சுரண்டி எடுக்கக்கூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

அவர் எழுந்து நாற்காலியை விட்டு விலகி நின்றார்.

அவள் உட்கார்ந்தாள். திரையில் இருந்த ஸ்லைடைப் பார்த்தாள்.

"இதை சேவ் பண்ணட்டுமா சார்?"

"வேண்டாம்" என்றார். அவள் சேவ் செய்துவிட்டுத்தான் மூடினாள்.

வேலையில்லாமல் நின்றவர்கள் ஒவ்வொருவராக வாசலில் கூடினார்கள். மேனேஜரும் எட்டிப் பார்த்தார். "என்ன சார், இது மட்டும் ஓடுது?"

"டெஸ்டிங்குக்கு வெச்சிருக்கார் சார்" என்றாள் மச்சினி, திரும்பாமலே.

"அதான் நம்ம சாமி! என்ன முன்யோசனை!" என்று மேனேஜர் அவர் முதுகில் தட்டினார். எல்லோர் முன்னாலும் அவள் நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் முடிக்கும்வரை சுவரோரமாகவே நின்றார்.

மதியம் சர்வர் சரியானதும் அவர் மேனேஜரின் அறைக்குப் போனார்.

"சார், அது டெஸ்டிங்குக்கு இல்ல. எனக்குன்னு வெச்சுக்கிட்டேன். வித்துட்டேன்னு சொன்னது பொய். வரையறவங்களுக்கு டெஸ்க்டாப்தான் சரி."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பொண்ணே விட்டுக்குடுக்காமப் பேசிடுச்சு. நீங்க வேற ஏன் கிளர்றீங்க? கொண்டுபோய்க் குடுங்க."

ஆளைக் கூப்பிடாமல், மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு ஹால் வழியாக நடந்தார். டைப்படிக்கும் சத்தம் வரிசை வரிசையாக நின்றது. அவள் மேஜைக்கடியில் மண்டியிட்டு வயர்களைச் சொருகும்போது மெல்லச் சொன்னார்:

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னால நான் அப்படி..."

"திரை வரல சார். வயரைச் சரியாச் சொருகுங்க."

மவுஸைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டவள், கடைசித் துணியையும் அடுக்கிவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"திரையை உத்துப் பார்த்துப் பார்த்துக் கண்ணு எரியுது எரியுதுன்னு சாயங்காலம் இங்க வந்து ஈரத்துணி போட்டுக்கிட்டுப் படுத்திருப்பாளே. நீங்க பக்கத்துலதானே உக்காந்து டிவி பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

அது அவருக்கு நினைவிருந்தது. டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி அவள் கேட்டதும், தான் குறைக்காததும்கூட நினைவிருந்தன.