மையத்தில் மாட்டிய ஜோடி

ஒரு வாரமாக ஜெயக்கொடியின் சர்வர் நகரவே மாட்டேன் என்றது. அவள் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. நெருக்கியடித்துக் கிடக்கும் நட்சத்திரக் கொத்து ஒன்று கோடிக்கணக்கான வருஷங்களில் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதைப் பற்றிப் பேச புனே கருத்தரங்குக்கு முதல்முறையாக அழைத்திருந்தார்கள். டிக்கெட்கூடப் போட்டாயிற்று.

கோளாறு எங்கே என்று தோண்டிப் பார்த்தாள். கொத்தின் மையத்தில் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று உரசாத குறையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்குப் போட்டே சர்வருக்கு மூச்சு முட்டியது. மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் தங்கள் முறைக்குக் காத்துக் கிடந்தன.

கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் ராஜபாண்டி வந்து நின்றார்.

"மேடம், பிராக்டிக்கல் பரீட்சை வருது. லேப் சர்வரை இன்னும் எம்புட்டு நாள் பிடிச்சு வச்சிருப்பீங்க?"

"நடுவுல ரெண்டு நட்சத்திரம் மாட்டிக்கிட்டு விட மாட்டேங்குதுண்ணே."

"ரெண்டையும் ஒண்ணாக்கி விட்ருங்க. அம்புட்டுக் கூட்டத்துல யாருக்குத் தெரியப்போகுது?"

சிரித்துவிட்டாள். ஆனால் விளாங்குடி வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போது அதுவே மண்டைக்குள் ஓடியது. மறுநாள் கணக்கை ஒரு நகல் எடுத்து, இரண்டையும் ஒரே நட்சத்திரமாக்கி ஓட்டினாள். சர்வர் பறந்தது. மதியத்துக்குள் மையம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிவிட்டது. பக்கத்தில் வருவதையெல்லாம் வெளியே விசிறியடித்து, மையம் உள்ளே விழாமல் இதுவரை தாங்கியதே அந்த ஜோடிதான்.

நகலை அழித்தாள். அசல் கணக்கு கருத்தரங்குக்குள் முடியாது; வர இயலவில்லை என்று புனேவுக்கு எழுதினாள். டிக்கெட்டை ரத்து செய்யும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது. லேபில் பிள்ளைகளின் பிராக்டிக்கல் வேலை முடிந்தபிறகே ஓட்டிக்கொள்வதாக ராஜபாண்டியிடம் சொன்னாள்.

பங்குனி வெயில் ஏறிய பிறகு ஒருநாள், மூன்றாவது நட்சத்திரம் ஒன்று ஜோடியை நெருங்கியது. மூன்றும் தாறுமாறாகச் சுற்றின. கடைசியில், புதிதாக வந்த நட்சத்திரம் ஒரு பக்கம் தெறித்தது. ஜோடி எதிர்ப்பக்கமாகக் கொத்தை விட்டே வெளியேறியது.

"போயிருச்சா?" என்றார் ராஜபாண்டி.

"போயிருச்சுண்ணே."

"அப்ப இனிமே வேகமா ஓடும்ல?"

"அடுத்த ஜோடி சேர்ற வரைக்கும் ஓடும்."

ராஜபாண்டி தலையில் கைவைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். ஜெயக்கொடி அதுவரை வந்ததைச் சேமித்துவிட்டு, அந்த ஜோடியைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் வரியை எழுதத் தொடங்கினாள்.