நான்காவது துண்டு

நான்காவது துண்டு ரைசாவின் கையிலேயே இருந்தது. மற்ற மூன்றையும், அவள் அப்பாவைத் தூக்கிப் போக வாசலில் நின்ற மூன்று ஆண்களின் கையில் கட்டியாயிற்று. சவப்பெட்டியைத் தூக்குகிறவர்களுக்குத் துண்டு கட்டி, அதையே கூலியாகக் கொடுத்தனுப்புவது வழக்கம். சொந்தக்காரர்கள் தூக்கக் கூடாது. தூக்கினால், தான் போனதில் இவர்களுக்குச் சந்தோஷம் என்று செத்தவர் நினைத்துக்கொள்வாராம். பாதி வீடுகளின் ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்ட ஊரில் வெளியாளுக்கு எங்கே போவது?

நான்காவதாக வர வேண்டியவன் டிராக்டர் ஓட்டும் ஸகார். உறைந்த மண்ணில் குழி வெட்டும்போது குளிருக்கென்று ஆரம்பித்த வோட்காவை அவன் நிறுத்தவேயில்லை. இப்போது அவனையே நாலு பேர் தூக்க வேண்டும்.

அப்பம் சுட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு க்ளாவ்தியா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா முழிச்சிட்டு நிக்கிற? அதான் ரோதியோன் இருக்கானே. நீதான் அவன வேணாம்னு எழுதிக் குடுத்துட்ட. இப்ப அவன் உங்களுக்கு யாரு?"

ரோதியோன் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தான். விவாகரத்துக்குப் பிறகும் சனிக்கிழமை தவறாமல் வருகிறவன். அப்பாவுக்கு விறகு பிளந்து போடுவான், இருவருமாக நீராவிக் குளியல் போடுவார்கள், உருளைக்கிழங்கு தின்றுவிட்டுப் போவான். கதவருகே அவன் துண்டுக்கென்று அப்பா ஓர் ஆணியே அடித்துவைத்திருந்தார். அவனை மகனே என்றுதான் கூப்பிட்டார். அதற்காக ரைசா ஒரு குளிர்காலம் முழுக்க அப்பாவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. கையெழுத்துப் போட்டது நீதானே, நான் இல்லையே என்று அவர் சொன்னதோடு சரி.

"நான் தூக்க மாட்டேன்," என்றான் ரோதியோன். "தூக்குனா நான் வேத்தாளாயிடுவேன்."

வாசலில் நின்றவர்கள் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டார்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நீ வேற்றாள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், அவன் அவளோடு பெட்டிக்குப் பின்னால் நடப்பான். ஆனால் பெட்டி நகராது. அப்பாமேல் அவளுக்குக் கோபம் வந்தது. செத்தும் இப்படி நடுவில் நிற்கிறாரே.

"இருட்டறதுக்குள்ள போயாகணும், ரோதியோன்."

அவன் குனிந்து கிழவரின் நெற்றியில் முத்தமிட்டான். நிமிர்ந்து கையை நீட்டினான். முதல் முடிச்சு நழுவிவிட்டது. அவள் மறுபடி கட்டினாள்.

பெட்டி வாசல் தாண்டியதும் க்ளாவ்தியா, இன்னொரு சாவு வந்து உட்காரக் கூடாதென்று, அது இருந்த முக்காலிகளைக் கவிழ்த்துப் போட்டாள். ரைசா பனியில் பின்னால் தனியாக நடந்தாள். ரோதியோன் மற்றவர்களைவிட உயரம். பெட்டி சாயாமலிருக்க வழி நெடுக முதுகை வளைத்தே நடந்தான்.

திரும்பி வந்து எல்லோரும் அப்பம் தின்றார்கள், அப்பாவின் பெயரைச் சொல்லி வோட்கா குடித்தார்கள். மூவர் தங்கள் துண்டுகளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். ரோதியோன் எப்போது போனான் என்று அவள் கவனிக்கவில்லை.

கதவைத் தாழ் போடப் போனபோதுதான் பார்த்தாள். அவன் கையில் அவள் கட்டிய துண்டு, அப்பா அடித்த அந்த ஆணியில் தொங்கியது. எடுத்து மடிக்கலாம் என்று தொட்டாள். பனி உருகி ஈரமாக இருந்தது.

காயட்டும் என்று விட்டுவிட்டாள்.