ஒளிந்திருந்த நாற்பத்தொரு கோப்புகள்

1

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய வரி இது: "என் அக்கா கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் வைரஸ் அழித்துவிட்டது."

பச்சைப் பொய். வைரஸ் ஒன்றையும் அழிக்கவில்லை. அழித்தது இதை எழுதுகிற கை. (கை மட்டும் தனியாகவா போயிற்று என்று கேட்காதீர்கள். அதற்கு வருகிறேன்.)

அப்புறம் 'நான்' என்று போட்டு எழுதிப் பார்த்தேன். மூன்றே வரியில் அந்த ஆள் உத்தமனாகிவிட்டான். ஆகவே இனி அவன் 'அவன்'. தள்ளி நிறுத்தினால்தான் கொஞ்சம் கட்டுக்குள் இருக்கிறான்.

2

அவன் தன் கதை ஒன்றை அச்செடுக்கக் கடைக்குப் போனான். அங்கே நாலு பேர் புழங்கும் கம்ப்யூட்டரைத் தொட்டுவந்த பென் டிரைவை, ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவதற்காக அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினான். கண்ணெதிரே ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் சின்ன அம்புக்குறி முளைத்தது. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. நகல் இருக்கிறதே என்று அக்காவின் பென் டிரைவையும் எடுத்து அதே கம்ப்யூட்டரில் செருகினான். அதிலும் அம்பு.

போனது போகட்டும், கம்ப்யூட்டராவது சுத்தமாகட்டும் என்று அதையும் அக்காவின் பென் டிரைவையும் ஃபார்மட் செய்து துடைத்தான். வெறிச்சென்று இருந்தால் அக்கா மனசு நோகுமே என்று இரண்டிலும் முந்நூறு பழைய பாட்டுகளையும் ஏற்றிவைத்தான்.

(இங்கே நீங்கள் சிரிக்கலாம். அக்கா சிரிக்கவில்லை.)

"பாட்டெல்லாம் சரிடா. அத்தான் குரல் எங்க?"

3

அத்தான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் "கிளட்ச்! கிளட்ச மிதி!" என்று கத்தியவர். தொண்டையில் அறுவை சிகிச்சை என்று முடிவானதும் டாக்டர் சொன்னார்: "குரல் திரும்பாது. வேணும்னா இப்பவே பதிஞ்சு வெச்சுக்குங்க."

என்ன பேசுவது என்று அத்தானுக்குத் தெரியவில்லை. 'என் அன்பு மனைவியே' என்றெல்லாம் தொடங்க அவருக்கு வாயும் வராது, கூச்சமும் விடாது. எதிரே கிடந்ததை எடுத்து வாசித்தார். பெரும்பாலும் வாஷிங் மெஷினோடு வந்த புத்தகம். "கதவைச் சரியாக மூடவும். மூடாவிட்டால் இயந்திரம் இயங்காது." இப்படி நாற்பத்தொரு பதிவுகள்.*

* பதிந்த போனையும் மாற்றியாயிற்று. யோசனை சொன்னது யார் என்று கேட்காதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகு அத்தான் கழுத்தில் சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் தொங்குகின்றன. அக்கா துணி போடும்போதெல்லாம் அந்தக் குரலை ஓடவிடுவாள். அது "கதவைச் சரியாக மூடவும்" என்ற பிறகுதான் மூடுவாள். பக்கத்தில் அத்தான் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தக் கதவை இப்போது அவள் சும்மா மூடுகிறாள். அவன் கேட்டிருக்கிறான், அந்தச் சத்தத்தை. அது ஒரு

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

4

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"ஃபார்மட் பண்ணச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மேடம். நானா..."

"இந்த வைரஸ் ஃபைலை ஒளிச்சு வெக்கும், அவ்ளோதான். உள்ளேயேதான் இருந்திருக்கும். அப்படியே எடுத்துட்டு வந்திருந்தா பத்து நிமிஷ வேலை."

"ஃபார்மட் பண்ணாலும் மீட்கலாம்னு சொல்றாங்களே?"

"மீட்கலாம். அதுக்கு மேல முந்நூறு பாட்டை உக்காத்தி வெச்சிருக்கீங்களே!"

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார். மீண்டது ஒன்றே ஒன்று. அதுவும் பாதி.

5

அக்காவும் அவனும் கடையிலேயே கேட்டார்கள். அத்தான் குரல்: "கதவைச் சரியாக..." உடனே அழைப்பு மணி. பிறகு இன்னொரு குரல் வெள்ளமாய் நுழைந்தது.

"அத்தான், ஒரு கதை யோசிச்சிருக்கேன், கேளுங்க!"

அவனேதான். சிகிச்சைக்கு முந்தின நாள். அவருக்குத் தெம்பூட்டுகிறானாம்.

"டேய், அவரு படிக்கட்டும்டா," என்று தூரத்தில் அக்கா.

"ரெண்டே நிமிஷம்க்கா."

பதினோரு நிமிஷம் பேசினான். அத்தான் பங்குக்கு நாலு "ம்", ஒரு இருமல். கடைசியில் அவன் கேட்கிறான்: "எப்படி இருக்கு? உண்மையச் சொல்லுங்க." அத்தான் மூச்சை இழுக்கும் சத்தம். அதோடு சரி.

"இதுக்கு மேல பாட்டுதான்," என்றார் கடைக்காரம்மா.

அத்தான் என்ன சொன்னார்? அவனுக்குச் சுத்தமாக நினைவில்லை. அக்காவைக் கேட்டான்.

"ஞாபகம் இல்லடா. விடு." திட்டியிருந்தால் தேவலை.

6

ஆகவே இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள்.

அ. "அருமை, மாப்ளே!" [நம்ப முடியாது. லைசன்ஸ் வாங்கியவனுக்கே அவர் சொன்ன உச்சபட்சப் பாராட்டு, "பரவால்ல, எறங்கு".]

ஆ. கடைக்காரம்மாவிடமிருந்து போன் வருகிறது. திரையில் ஒவ்வொன்றாக நாற்பத்தொரு [இதை எழுத எனக்கு என்ன தகுதி?]

இ. "பயமா இருக்கு மாப்ளே." [எழுதியபின் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இப்படிச் சொல்லி, நான் கேட்காமல் போயிருந்தால்?]

மூன்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவுவதாகத்தான் இருந்தேன். ஆனால் கேட்க வேண்டிய ஆள் உயிரோடு, இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அவன் போனான். சரி, நான்தான் போனேன்.

அத்தான் வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அன்னிக்கு 'எப்படி இருக்கு'ன்னு கேட்டேனே. என்ன சொன்னீங்க?"

என்னை ஒரு தரம் பார்த்தார். மடித்த சட்டையை வைத்துவிட்டுப் பலகையைத் துடைத்தார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. நிதானமாக எழுதித் திருப்பிக் காட்டினார்.

"நல்லா இல்லன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். நீ அதுக்குள்ள அடுத்த கதைக்குப் போயிட்டே."