ஆறாவது மாடிக்கு ஏற்ற நாய்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. அதனால் கதையும் என்னுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரப் பத்திரிகையில் வளர்ப்புப் பிராணிகள் பக்கத்தை எழுதுபவள் நான். என் வாழ்நாளில் ஒரு நாயையும் தொட்டதில்லை. [நாய் என்னைத் தொட்டிருக்கிறது. பதினோரு வயதில், சைக்கிளில் போகும்போது, இடது கணுக்காலில்.] முன்பு அந்தப் பக்கத்தை எழுதிவந்தவர் வேலையை விட்டபோது ஆசிரியர் தலையை நீட்டி எல்லா மேசைகளையும் பார்த்தார். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். எனக்குச் சமயத்தில் குனியத் தெரியவில்லை. அவ்வளவுதான் என் தகுதி.

மீன்தொட்டி, கிளி, பூனை என்று ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் 'அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற முதல் நாய்' என்று எழுதினேன். ஐந்து இனங்கள், ஒவ்வொன்றுக்கும் நட்சத்திர மதிப்பெண். நட்சத்திரங்களை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்காதீர்கள். பக் நாயின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது, நாலு போட்டேன். பீகிளுக்கு மூன்று. ஏன் மூன்று என்று எனக்கே தெரியாது.

அந்தக் கட்டுரையை உலகத்தில் ஒரே ஒரு ஆள் நம்பினாள் என்று நினைத்தேன். அவள் என் தங்கை.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு இது:

'ஆறாவது மாடியில் ஒரு பெண் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நாய்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.' வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாராவது புகார் கொடுப்பார்கள்.

'வாசலில் ஐந்து மாதமாக ஒரு ஜோடிச் செருப்பு, அசையாமல்—' இதுவும் வேண்டாம். கதையில் செருப்பைக் காட்டினாலே யாரோ செத்துவிட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். யாரும் சாகவில்லை.

'நாய் என்பது—' சீ.

நேராகவே சொல்லிவிடுகிறேன். என் தங்கை வீட்டிலிருந்தபடி பள்ளிச் சீருடை தைக்கிறாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஐந்து மாதத்துக்கு முன்பு ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் அது இரண்டு மாடி வழுக்கி இறங்கியது. உள்ளே இருந்தவர் அவரோடு வேலை செய்கிற கூட்டாளி. கால் முறிந்தது. இன்று அந்தக் கூட்டாளி நன்றாக நடக்கிறார், வேலைக்கும் போகிறார். தப்பு இவர் மேல் இல்லை, உள்ளே ஒரு பாகத்தில் பிழை என்று விசாரித்தவர்கள் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். இவர்தான் அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. லிஃப்டை விடுங்கள், படியில்கூட இறங்கவில்லை.

(குறிப்பு: முதல் வரைவில் அவரைக் கணக்கு வாத்தியாராக மாற்றியிருந்தேன். அடையாளம் தெரியக்கூடாது என்ற நல்லெண்ணம். தங்கை படித்துவிட்டு, "அவரை எதுக்கு வாத்தியாராக்கின? பதினாலு வருஷம் கையெல்லாம் கிரீஸோட வீட்டுக்கு வந்த மனுஷன். அதையும் அவர்கிட்டயிருந்து எடுத்துடாதே" என்றாள். திரும்ப மெக்கானிக் ஆக்கிவிட்டேன்.)

3

கட்டுரை வெளியான அன்று காலையிலேயே தங்கை போன் செய்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்கு எந்த நாய் சரியா வரும்?"

"உனக்கு எதுக்குடி நாய்?"

"எனக்கில்லை." தையல் மெஷினை நிறுத்தினாள். "நாய்னு ஒண்ணு வந்தா அதை வெளிய கூட்டிட்டுப் போய்த்தானே ஆகணும்? நான் தையல்ல உக்காந்துட்டா எந்திரிக்க முடியாது. அவர்தான் போகணும். மனுஷங்க கூப்பிட்டா முடியலைங்கறாரு. நாய்கிட்ட அப்படிச் சொல்ல முடியுமா?"

இதைக் கேட்டதும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: எனக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்வது. சொல்லவில்லை. "நேர்ல வந்து பாத்துச் சொல்றேன்" என்றேன், ஏதோ பெரிய டாக்டர் மாதிரி.

4

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். நாய் எப்படி மனிதனோடு வாழத் தொடங்கியது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எல்லாம் சுட்டது. '4' என்ற எண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.)

5

நான் போனபோது கதவைத் திறந்த தங்கை, "பாத்து, பெரியவர் மேல கால் வெச்சிடாதே" என்றாள்.

பெரியவர் லாப்ரடார். பழுப்புக் காகிதத்தில் வெட்டப்பட்டு, சாப்பாட்டு மேசைக்கடியில் பக்கவாட்டில் படுத்திருந்தார். வால் சமையலறை வாசல்வரை நீண்டிருந்தது. சோபாவுக்கு முன்னால் பீகிள். ஃபிரிட்ஜுக்குக் கீழே டாஷ்ஹண்ட். குளியலறை வாசலில் பொமரேனியன். பக் தையல் மெஷினின் பெடல் அருகில். என் கட்டுரையின் ஐந்து இனங்களும் அளவெடுத்து வெட்டப்பட்டுக் கிடந்தன. என் எழுத்தை யாரும் இவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை. பெருமையாக இருந்தது.

"சீருடைன்னா பேப்பர்ல வெட்டிப் பாக்காம துணியில கத்திரி வெப்பேனா? அதே மாதிரிதான்" என்றாள். "ஆனா ஒண்ணும் உக்கார மாட்டேங்குது. டாஷ்ஹண்ட் படுத்தா ஃபிரிட்ஜ் திறக்காது. பீகிள் படுத்தா நடக்க வழியில்லை. பக்கே பெடலுக்கு இடிக்குது."

அப்போது அவள் கணவர் டீ எடுத்து வந்தார். லாப்ரடாரின் வாலைச் சுற்றி, பீகிளின் காலைத் தாண்டி, மெதுவாக. "பாத்து வாங்க அக்கா" என்றார் என்னிடம். "இப்பதான் தூங்குச்சு."

தங்கை என்னைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் அவர் விளையாட்டாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று பிறகு சொன்னாள்.

அவள் துணி மடிக்க உள்ளே போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அவ ஆசைப்படறா. வேணாம்னு சொல்ல மனசு வரலை. வெளிய கூட்டிட்டே போக வேணாங்கற ஜாதி ஏதாவது இருக்கா?"

"பக்" என்றேன்.

கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள். அவளும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு நாளைக்கு நாலு தடவையாவது வெளிய போயே தீரணுங்கற நாய் எது அக்கா?"

"பக்" என்றேன்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது பொய் சொல்வதில்லை.

6

இந்த இடத்தில் கதை எனக்குக் குழம்பிவிட்டது. உங்களுக்குக் குழம்பக்கூடாது என்பதால் என் சிக்கலைச் சொல்கிறேன். அடுக்குமாடிக்கு ஏற்ற நாய் என்று எங்கே படித்தாலும், அதன் அர்த்தம் வெளியே போகாவிட்டாலும் பெரிதாகக் கவலைப்படாத நாய் என்பதுதான். அந்த வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒருவர் இருக்கிறார். [இந்த வரியை எழுதியதும் அடித்தேன். பிறகு மறுபடியும் எழுதினேன். உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன். தம்பி, படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.]

இரண்டே நாளில் போன்.

"அக்கா, பக்கு கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குமாமே. வெயில்ல கூட்டிட்டே போகக்கூடாதாம். அவர் என்னடான்னா, அக்கா சொன்னா சரிதான், பக்கே வாங்கிக்கலாங்கறாரு. நீ நாயைப் பத்திச் சொன்னியா, வாய்க்கு வந்ததைச் சொன்னியா?"

ஒப்புக்கொண்டேன். நாயைத் தொட்டதில்லை, நட்சத்திரங்கள் கண்ணை மூடிப் போட்டவை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். "உன் கூடப் பொறந்தவதானே நான். நாய் குரைச்சா என் பின்னாடி ஒளிஞ்சவதானே நீ."

"பின்ன ஏன்டி என்னைக் கேட்ட?"

"நீ சொல்லி வாங்கி, அப்பவும் அவர் வெளிய போகலைன்னா உன்னைத் திட்டிக்கலாம். நானா வாங்கி அவர் போகலைன்னா..." அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கமாட்டேன்.

7

மறுநாளே போனேன். அவள் முடிக்காமல் விட்டது பயமாக இருந்தது, அதனால் போனேன்.

அவர் தரையில் முழங்காலிட்டிருந்தார். பக்கத்தில் அவருடைய வேலைப் பை. ஐந்து மாதமாக அலமாரிக்கு மேலே கிடந்த பை. அதிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து பீகிளின் தோளிலிருந்து பாதம்வரை அளந்துகொண்டிருந்தார். தங்கை மெஷினில் இருந்தாள். பெடலில் கால் இருந்தது, மெஷின் ஓடவில்லை.

"இது தப்பு" என்றார். "பீகிள் நாப்பது சென்டிமீட்டர்தான். இது அம்பது இருக்கு." நகர்ந்து போய் டாஷ்ஹண்டை அளந்தார். பக்கை அளந்தார். "எல்லாமே சுத்தியும் ரெண்டு இன்ச் கூட."

"ஆமா" என்றாள் தங்கை. "தையலுக்கு விடாம எப்படி வெட்டறது?"

"நாய்க்கு எதுக்குத் தையல்?"

"தையலுக்கு ஒரு இன்ச், வளர்ற புள்ளைக்குப் பின்னாடி பிரிச்சு விட ஒரு இன்ச். கை பழகிப்போச்சு." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஃபிரிட்ஜ் திறக்காததற்கும் பெடல் இடித்ததற்கும் காரணம் நாய்கள் அல்ல. பல வருடங்களாக எல்லாப் பிள்ளைகளின் சட்டைக்கும் விட்ட துணியை அவள் நாய்களுக்கும் விட்டிருந்தாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, பீகிளைச் சுற்றி இரண்டு இன்ச் வெட்டி எடுத்தார். மேசைக்கும் சோபாவுக்கும் நடுவில் போட்டார். நடக்க வழி இருந்தது.

"ஒருத்தர் பாத்ததை இன்னொருத்தர் ஒருதரம் பாத்துடணும்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "எங்க வேலையில அதான் முறை. அன்னிக்கு இன்னொருத்தர் வரலை. நான் ஒருத்தன்தான் பாத்தேன்."

ஐந்து மாதத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அப்போதுதான். தங்கை பெடலிலிருந்து காலை எடுத்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இதுவரை ஆறு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஆறும் மட்டம்.

8

அவர் பீகிளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டுல உக்காருது. லிஃப்ட்ல உக்காருமான்னு பாக்கணும். நம்ம லிஃப்ட் அகலம் நூத்திப்பத்து சென்டிமீட்டர்தான். ஆள் நின்னா நாய் எங்க நிக்கும்? வால் கதவுல மாட்டக்கூடாது."

அவருக்கு அந்த லிஃப்டின் எல்லா அளவும் மனப்பாடம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது மாடியில் கதவு லேசாக உரசும். ஆறிலிருந்து தரைக்கு இருபத்திரண்டு நொடி. அளவுதான் வேண்டுமென்றால் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லியிருப்பார். இதை அவரும் அறிவார், தங்கையும் அறிவாள், கொஞ்சம் தாமதமாக நானும் அறிந்தேன்.

வாசல் கதவைத் திறந்தார். செருப்பைப் பார்த்தார். [செருப்பு வந்துவிட்டது. என்ன செய்ய, இருந்தது.]

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"பாக்காதே" என்றாள் காதருகில். "பாத்தா நின்னுடுவாரு."

இருவரும் வாசலுக்கு முதுகைக் காட்டி, கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் இரண்டு கோப்பையும் ஒரு கரண்டியும் கிடந்தன. என் கையை அவள் விடவில்லை. வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

9

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில் அவர் காகித நாயோடு தரைவரை போய், திரும்பி வந்து, "பீகிள் சரியா வரும்" என்கிறார். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு வைத்துவிட்டேன்.

இன்னொன்றில் கதவு மூடிக்கொள்கிறது, அவர் இந்தப் பக்கமே நிற்கிறார். தங்கை போய்க் காகிதத்தை வாங்கி மடித்து வைக்கிறாள். இதை நாலு வரிக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவதில், கீழே ஒரு தெருநாய் அவருக்காகவே காத்திருக்கிறது. நீங்கள் எதிர்பார்த்தது அதைத்தான் என்று தெரியும். அந்த நாய்க்கும் வேறு வேலை இருக்குமே.

எந்த நாய் வாங்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கட்டுரைக்கு அடுத்த வாரம் திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். நட்சத்திரங்கள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன்.

கதையில் நாங்கள் இருவரும் இன்னும் திரும்பவில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது இப்போது நீங்கள் மட்டும்தான். லிஃப்ட் கதவு திறந்திருக்கிறது. கையில் காகித நாயோடு ஒரு மனிதர், ஒரு கால் செருப்பில். என்ன நடந்தது என்று நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

ஒரு உதவி செய்யுங்கள். நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள். ஜன்னலைப் பாருங்கள், சுவரைப் பாருங்கள், எதையாவது பாருங்கள். இருபத்திரண்டு வரை மெதுவாக எண்ணுங்கள். மூன்றாவது மாடியில் உரசல் கேட்டால் எங்களிடம் சொல்ல வேண்டாம், நாங்களும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம்.