கதவைச் சாத்திவிட்டுத் திறக்கவும்

1

இந்தக் கதை ஒரு தலையணையில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் இதற்கு முன் எழுதிப் பார்த்த மூன்று தொடக்கங்களிலும் தலையணையை மறைத்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "நாற்பது நிமிடத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய ஒரு தீவில், ஒரு கணவனும் மனைவியும் கடற்பறவைகளுக்குக் காவல் இருந்தார்கள்." நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மனைவி என் தங்கை என்பது மட்டும் அதில் இல்லை.

இரண்டாவது: "வியாழக்கிழமைப் படகில் ஒரு சாக்குப் பொட்டலம் வந்தது." 'வந்தது' என்று எழுதித் தப்பித்திருக்கிறேன். தானாக எது வரும்? அனுப்பியவன் நான்.

மூன்றாவது: "அந்தத் தீவில் எலி கிடையாது. அது ஒன்றுதான் அந்தத் தீவின்"

(இதோடு நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியம் இன்றைக்கும் உண்மைதானா என்று எனக்குத் தெரியாது.)

2

நான் கதை எழுதிப் பழகியவன் அல்ல. கடிதம் எழுதுகிறவன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் போடச் சொன்ன வரிசையை இன்றுவரை மாற்றியதில்லை. தங்கைக்குப் போன கடிதங்களுக்கு எண் உண்டு, நகல் உண்டு. அவளிடமிருந்து வந்தவை தனிக் கோப்பில் இருக்கின்றன. ஆகவே அந்தத் தீவின் விதிகள் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அங்கே பறவைகள் தரையில் முட்டையிடும். பயம் என்பதையே அறியாதவை, அடைகாக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் நகராது. ஒரே ஒரு சினை எலி கரையேறினால் போதும், மூன்று வாரத்தில் அது குட்டி போடும், ஒரு பருவத்துக்குள் கூடுகள் காலி. அதனால் தீவுக்கு எது போனாலும் இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில்தான் போக வேண்டும். அங்கே அதை வீட்டுக்குள் திறக்கக் கூடாது. ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது, அடைப்பறை என்பார்கள். எது ஓடினாலும் தெரிய வேண்டும் என்று தரைக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்துவிட்டுத் திறப்பார். மற்றவர் வெளியே நின்று கேட்பார்:

"ஏதாவது இருக்கா?"

உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். ஒரு வாளி அவள் முறை, அடுத்தது மாப்பிள்ளை முறை. ஆறு வருடமாக அப்படித்தான்.

மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்றால், விடுப்பு முடிந்து திரும்பும்போது செருப்பின் அடியில் புல்விதை ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, நடுக்கடலில் இரண்டு செருப்பையும் கழற்றி எறிந்தவர். இவர்களுக்கு முன் இருந்த காவலர், அட்டைப் பெட்டியில் கரப்பான் வந்ததை மறைத்துவிட்டார் என்று அலுவலகத்துக்கு எழுதியதும் இவர்தான். அந்தக் காவலர் அடுத்த படகிலேயே மூட்டை கட்டினார்.

(இந்தப் பகுதியின் முந்தைய பிரதி ஒன்றில் மாப்பிள்ளையைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். சரியாக வரவில்லை. தங்கையின் ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும், "மச்சான், இருமல் குறைஞ்சுதா?" என்று பென்சிலால் எழுதுகிறவரை எப்படி அப்படி எழுதுவது?)

3

தங்கைக்குக் கழுத்து வலி. பஞ்சுத் தலையணை ஒன்று வேண்டும் என்று கேட்டாள். தலையணை வாளிக்குள் நுழையவில்லை. இரண்டு முறை அமுக்கிப் பார்த்தேன். பிறகு சாக்கில் வைத்துத் தைத்து, மேலே என் கையால் அவள் பெயரை எழுதிப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். "மெத்துன்னு இருக்கறதுல என்ன வந்துடப் போகுது?" என்று சொன்னது நான்தான், அவர் இல்லை.

அவள் கடிதம் போன சனிக்கிழமை வந்தது.

"அண்ணா, அன்னிக்கு என் முறை. மழை. அவர் மேற்குப் பக்கம் போயிருந்தார். அடைப்பறைல வச்சுத்தான் பிரிக்கணும்னு தெரியும். ஆனா வாளி இல்ல, சாக்கு. அதுல உன் கையெழுத்து. நேரா கட்டிலுக்கே தூக்கிட்டுப் போயிட்டேன். தலையை வச்சுக் கண்ணை மூடினேன். காதுக்குக் கீழ ஏதோ பிறாண்டுற மாதிரி இருந்துச்சு. துள்ளி எழுந்தேன். கதவோரம் ஏதோ போச்சு. போச்சா, இல்ல போன மாதிரி இருந்துச்சான்னு தெரியல. தலையணைத் தையல்ல ரெண்டு விரல் நுழையற ஓட்டை. நான் முதல்ல செஞ்சது என்ன தெரியுமா அண்ணா? ஊசி நூல் எடுத்து அந்த ஓட்டையைத் தைச்சேன்."

நான் கற்பனையில் எழுதியிருந்தால் அவளை அலறிக்கொண்டு வெளியே ஓட விட்டிருப்பேன். தைக்க விட்டிருக்க மாட்டேன்.

"சாயங்காலம் வந்து, தலையணை சுகமா இருக்கான்னு கேட்டார். சுகமா இருக்குன்னேன். அவருக்கு எழுதிடாதே. அவர் என்னை மன்னிச்சாலும் மன்னிச்சுடுவார். ஆனா அலுவலகத்துக்கு எழுதாம இருக்க மாட்டார். எழுதிட்டு, என்கூடவே படகுல ஏறி வந்துடுவார். பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கின தீவு அண்ணா."

அடிக்குறிப்பு: அந்த ஓட்டை எலி போட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்னும் ஒரு பிடி பஞ்சு வைக்கலாம் என்று நானே தையலைப் பிரித்தேன். திரும்பத் தைத்தேனா? ஐந்து நாளாக யோசிக்கிறேன். கடிதத்துக்கு நகல் வைத்திருக்கிறேன், தையலுக்கு எங்கே போவது?

4

(கிழித்துவிட்டேன். நான் நல்லவன் என்று நிரூபிக்க எழுதிய பகுதி.)

5

படகுத்துறைக்குப் போனேன். படகுக்காரர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாக்கு கொட்டகைல எத்தனை நாள் கிடந்துச்சு?"

"மூணு நாள். திங்கக்கிழமை கொடுத்தீங்க, வியாழக்கிழமைதானே படகு."

"பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"கோழித்தீவன மூட்டை. ஏன் சார், தலையணை நனைஞ்சு போச்சா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறதுக்கா இந்த வெயில்ல இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

"கொட்டகைல எலி உண்டா?"

அவர் சிரித்தார். "எலி இல்லாத கொட்டகை எங்க சார் இருக்கு? உங்க தங்கச்சி தீவுல வேணா இல்லாம இருக்கும்."

வீட்டுக்கு வந்து இந்த உரையாடலை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"நாலு நாளா உக்காந்து அப்படி என்னதான் எழுதுறீங்க?"

"கதை."

"உங்க தங்கச்சி கேட்டது பதில். நீங்க எழுதுறது கதை. நல்லா இருக்கு போங்க."

"மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்கா? கதை எழுதக் கூடாதுன்னு சொல்லலையே."

"அங்க ஒவ்வொரு நாளும் போயிட்டிருக்கு. இங்க நீங்க கமா போடறதா, முற்றுப்புள்ளி வைக்கறதான்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க."

அவள் சொன்னது சரி. தலையணை போய்ச் சேர்ந்து நாளையோடு பதினான்கு நாள். சினை எலியாக இருந்தால், மூன்று வாரத்தில் இன்னும் ஏழு நாள்தான் பாக்கி.

6

முடிவுகள்.

அ. ஓட்டை நான் தைக்க மறந்தது. கதவோரம் போனது நிழல். அடுத்த மாதம் குஞ்சுகள் பொரிக்கின்றன. இதைப் பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தேன். எந்தக் கடிதமும் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்ததில்லை, அதனாலேயே நம்ப முடியவில்லை.

ஆ. மாப்பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கிறார். உடைந்த முட்டை ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார். தங்கையிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துப் படுக்கும்போது, "தலையணை சுகமா இருக்கா?" என்று மட்டும்

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

இ. நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். பறவைக் காப்பகத்தின் அலுவலகம் என் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. இது முடிவு அல்ல, இன்று காலை நடந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலை நிமிர்ந்தார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்ல. படகு நாளைக்குப் போகுமான்னு கேக்கலாம்னு."

"போகும்."

திரும்பி வந்துவிட்டேன். 'ஒண்ணும் இல்ல' என்று சொல்ல எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது, பாருங்கள்.

7

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

தீவைச் சுற்றி அறுபத்திரண்டு சிறு பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கடலை எண்ணெய் மணக்கும் ஒரு மெழுகுக் கட்டி. எலி இருந்தால் வந்து கடிக்கும், பல் தடம் பதியும். மேற்குப் பெட்டிகளை மாப்பிள்ளை பார்ப்பார், கிழக்குப் பெட்டிகளைத் தங்கை பார்ப்பாள்.

அவளுடைய கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "கிழக்கே பதினேழாம் பெட்டில ஒரு கீறல். நண்டாத்தான் இருக்கும். புது மெழுகு வச்சுட்டேன். பழசை இதோட அனுப்பறேன். நீதான் எதையும் அளந்து பாப்பியே, பாத்துச் சொல்லு."

அந்த மெழுகு ஐந்து நாளாக என் மேசையில் இருக்கிறது. இந்தக் கதை முழுவதையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். ஸ்கேல் வைத்து அளந்தும் பார்த்தேன். ஆனால் அளவு எதற்கு? அவளுடைய தொண்ணூற்றாறாம் கடிதத்தில் விடை இருக்கிறது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். கோப்பு கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இன்றுதான் பிரித்தேன்.

"நண்டு கன்னாபின்னான்னு பிறாண்டி வச்சிருக்கும் அண்ணா. எலி கடிச்சா உழுத மாதிரி இருக்கும். பக்கத்துல பக்கத்துல ரெண்டு கோடு."

மேசையில் இருந்த மெழுகிலும் அதே இரண்டு கோடு.

இதை எழுதிய கைதான் அந்த மெழுகை எடுத்து உறையில் போட்டது. பார்த்ததும் அவளுக்குத் தெரியாமலா போயிருக்கும்? அதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

8

நாளைக் காலைப் படகில் ஒரு வாளி போகிறது. இந்தமுறை மூடி சரியாகப் பொருந்துகிறது, மூன்று தடவை பார்த்துவிட்டேன். உள்ளே இந்தப் பக்கங்களும், அந்த மெழுகும் இருக்கின்றன. (அச்சில் படிக்கிறவர்கள் படிப்பது நகல்.) மூடியின் மேல் வழக்கம்போல் "கதவைச் சாத்திவிட்டுத் திறக்கவும்" என்று எழுதியிருக்கிறேன். பெறுநர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவை.

நாளை யாருடைய முறை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன வாரப் படகில் மண்ணெண்ணெய் டிரம் மட்டும்தான் போயிருக்கிறது. வாளி வராத வாரம் முறையில் சேருமா, சேராதா? நூற்றுக்கணக்கான கடிதங்களில் அதை யாரும் எனக்கு எழுதவில்லை.

திறந்தது நீயாக இருந்தால், தங்கச்சி: மன்னித்துக்கொள், மெழுகைத் திருப்பி அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு பதில் வரவில்லை. வாளி இல்லாமல் அனுப்பியவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் அடியில் இருக்கிறது. அலுவலகத்துக்கு அதையும் சேர்த்து அனுப்பலாம்.

திறந்தது நீங்களாக இருந்தால், மாப்பிள்ளை: உங்கள் வீட்டு வாசலிலிருந்து கடல் பத்து எட்டு தூரம்தான். அவள் அந்த மெழுகைக் கடலில் எறிந்திருக்கலாம், எறியவில்லை. கதவைத் திறப்பதற்கு முன் அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். இருமல் குறைந்திருக்கிறது.

யாராக இருந்தாலும் இவ்வளவு நேரம் உள்ளே சத்தமில்லாமல் இருந்ததில்லை. வெளியே நிற்பவருக்கு இந்நேரம் கால் வலித்திருக்கும். ஈரச்சாக்கு இடுக்கில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகைக் கையில் எடுங்கள்.

வெளியிலிருந்து குரல் வருகிறது:

"ஏதாவது இருக்கா?"