ஜோசப்ராஜின் பாவசங்கீர்த்தனம்

அமலா தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அமலா," என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத பெயர். வேற்று மதத்து இளஞ்செழியனைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்ட அன்றே ஜோசப்ராஜ் அவளைத் தலைமுழுகிவிட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் குடித்தனம். எதிரில் வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லாததால் மூன்று நாளாக அவளை உள்ளே விட்டிருந்தார். கஞ்சி கொடுத்தால் குடிப்பார், வாயைத் துடைத்தால் துடைக்க விடுவார், பேச மட்டும் மாட்டார். பிடிவாதத்துக்குப் பரிசு வைத்தால் ஆரணியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"உன்கிட்ட பேசணும்," என்றார். மூச்சு வாங்கியது. "மொதல்ல செஞ்ச பாவத்தயெல்லாம் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிடறேன். சாமியார கூப்புடு. அப்பறம் பேசறேன்."

இப்போதே பேசுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவுக்கு எல்லாம் வரிசைப்படிதான். கோயில் முதலில், தறி அப்புறம், பெண்டாட்டி பிள்ளை அதற்கும் அப்புறம்.

புழக்கடையில் சாமியாரை வரச்சொல்லி போன் பேசிக்கொண்டிருந்த அண்ணன் கிளமெண்ட் உள்ளே வந்தான். அவனே சாமியார்தான், குருப்பட்டம் வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், அவசர சிகிச்சைப் பிரிவில் ஏழு வருஷம் ஆண் நர்ஸ். வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் கெட்ட சேதி சொல்ல டாக்டர்களே அவனைத்தான் அனுப்புவார்கள். ஒளிக்காமல், கை பிடித்து, பக்குவமாகச் சொல்வான். இருபத்தொன்பது வயதில் வேலையை உதறிவிட்டுக் குருமடத்துக்குப் போகிறேன் என்றபோது அப்பா ஆடித் தீர்த்துவிட்டார். "ஊசி போட்டு முடிச்ச பின்னாலயும் என் கைய உடமாட்டன்றாங்கப்பா. அதுக்கு மேல குடுக்க எங்கிட்ட ஒன்னுமில்ல," என்றான் அவன். எட்டு வருஷம் கழித்து அவன் பட்டம் வாங்கிய அன்று அதே அப்பா வரிசையில் நின்று அவன் கையை முத்தமிட்டார். அன்றிலிருந்து மகனை 'சாமி' என்றுதான் கூப்பிட்டார். இப்போது சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு பங்குக் கோயிலில் உதவிச் சாமியாராக இருந்தான்.

"எல்லா ஃபாதரும் வேலூர்ல தியானத்துல இருக்காங்க," என்றான் கிளமெண்ட். "பெரிய ஃபாதர் கெளம்பறேன்றாரு. எப்டியும் ரெண்டு மணி நேரம் ஆவும்."

"வரட்டும்," என்றார் அப்பா.

கிளமெண்ட் அவர் நாடியில் இரண்டு விரலை வைத்தான். கடிகாரத்தைப் பார்க்காமலே எண்ணினான். அவன் முகம் நர்ஸ் முகமாக மாறியதை அமலா பார்த்தாள்.

"அவ்ளோ நேரம் இல்லப்பா. எங்கிட்டயே பண்ணிடு."

"பெத்த புள்ளகிட்ட எப்பட்றா சொல்றது?" இத்தனை நாள் காப்பாற்றிய மரியாதை பறந்துவிட்டது.

"கொஞ்ச நேரத்துக்கு நான் உன் புள்ள இல்லன்னு நெனச்சுக்க."

பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடுகிற ஊதா ஸ்டோலைப் பையிலிருந்து எடுத்து முத்தமிட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அவர் வாயருகே காதைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "பக்கத்து வூட்டு தறிய கொஞ்சம் நிறுத்தச் சொல்லு அமலா. குரலே கேக்கல."

அவள் கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். பக்கத்து வீட்டுப் புஷ்பலதா விஷயம் தெரிந்ததும் தறியிலிருந்து எழுந்து வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வந்தபோது தெருவே அடங்கியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல், பிசிறு பிசிறாக. "...அமலா..." என்றது தெளிவாகவே கேட்டது.

கால் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இன்னும் ஒரு அடி வைத்தால் எல்லாம் கேட்கும். ஆனால் அடுத்தவர் பாவசங்கீர்த்தனத்தைக் காது கொடுத்துக் கேட்பது பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவள் அவள். கோயில் அவளை விட்டாலும் அவள் அதை விடவில்லை. விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து, காலி வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வாளி நிறைந்து வழிந்தது. அவள் மூடவில்லை.

கிளமெண்ட் கதவைத் திறந்தபோது அப்பாவுக்கு நாக்கு மடங்கிவிட்டிருந்தது. சாகக் கிடப்பவர்களுக்கான எண்ணெயை எடுத்து அவன் அவஸ்தை பூசினான். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பளபளத்தது. அமலா குனிந்து, "அப்பா, பேசணும்ன்னியே," என்றாள். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பைக் கழுவி வேட்டி கட்டியதெல்லாம் கிளமெண்ட்தான். பழகிய கை.

அவன் கை கழுவப் பின்கட்டுக்கு வந்தபோது அவள் மறித்து நின்றாள்.

"என் பேர சொன்னாரு. அது வரைக்கும் என் காதுலயே உழுந்துச்சு. அப்பறம் இன்னா சொன்னாரு?"

"கேக்காத அமலா. பாவசங்கீர்த்தனத்துல கேட்டத உசுரே போனாலும் சாமியார் வெளிய உடக்கூடாது."

"மன்னிச்சாரா, இல்லியா? வாயத் தொறந்து சொல்ல வேணாம். தலைய ஆட்டு போதும்."

அவன் தலை அசையவில்லை.

"ஊரான் வூட்டுக்கெல்லாம் சேதி சொன்னியேண்ணா! கைய புடிச்சுகினு சொன்னியே! நான் உனக்கு யாரு?"

அவன் கண் கலங்கியது. ஆனால் அந்தக் கண்ணீர் எதற்கு என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அப்பா மன்னித்ததற்கும் அழலாம், மன்னிக்காததற்கும் அழலாம். அந்த நிமிஷம் அவள் அவனை மனதார வெறுத்தாள். அப்பாவைவிட அதிகமாக வெறுத்தாள்.

மறுநாள் காலை பெரணமல்லூரிலிருந்து ரோஸி அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. சவப்பெட்டியின்மேல் விழுந்து அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, கூடம் நிறைய உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே அமலாவின் முகவாயைப் பிடித்தாள். சாவு வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

"கடசியா உன்னாண்ட பேசினானாடி எங்கண்ணன்? இன்னா சொன்னான்?"

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஆறு வருஷக் கதை அந்தத் தெருவில் தெரியாதவர் யார்? வாசல் பந்தலில் நின்றிருந்த இளஞ்செழியனும் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்குள் வரலாமா என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

"பேசினாரு அத்த," என்றாள் அமலா. குரல் பிசகவில்லை. "நல்லா இருன்னாரு. அவரயும் உள்ள கூப்புடுன்னாரு."

கூடம் முழுக்க ஓவென்று அழுகை எழுந்தது. யாரோ எழுந்துபோய் இளஞ்செழியனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார்கள்.

அத்தை பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த கிளமெண்டை நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் கூட இருந்தியே சாமி. அப்பிடியா சொன்னான்?"

அமலாவும் அவனைப் பார்த்தாள். அவள் சொன்ன அந்த மன்னிப்பு பொய்யா, நிஜமா என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் முகத்தில் ஒரு நரம்பு அசைந்தால் போதும், இந்த ஜென்மத்துக்கு அது போதும்.

கிளமெண்ட் குனிந்தான். மின்விசிறிக் காற்றில் அணைந்துபோயிருந்த மெழுகுவத்தியைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தான். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவதை அவன் கிழிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அமலா எழுந்துபோய் அவன் கையிலிருந்து தீப்பெட்டியையும் குச்சியையும் வாங்கி, கிழித்துத் திரியில் வைத்தாள்.